பூமியின் பெல்ட்டும் புத்தலப்பட்டு மாமரமும்

சித்தூரில் ஒரு டிவி டிஷ் கடையில் வேலை பார்த்தேன். படுக்கையும் கடையிலேயேதான், வேலை போனால் படுக்கையும் போகும். இன்னொரு புகார் வந்தால் அனுப்பிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்தச் சமயம் திருப்பதியில் ஒரு வீட்டுக்கு டிஷ் மாட்டப் போனேன். வீட்டுக்காரர் ராக்கெட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பூமியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சு பெல்ட்டுகள் இரண்டு இருக்கின்றன, லாரி டயருக்குள் ஸ்கூட்டர் டயர் வைத்ததுபோல, என்றார். எல்லாம் பூமியின் காந்தம் பிடித்துவைத்த துகள்கள். டிவி சாட்டிலைட் நிற்பது வெளி பெல்ட்டின் ஓரத்தில். சூரியன் சீறினால் அதன் மேல் மின்சாரம் சேர்ந்து பொறி தட்டும், உள்ளிருக்கும் கம்ப்யூட்டர் உளறும். அதனால்தான் கவசம் போட்டு, முக்கியமானதற்கெல்லாம் மாற்று வைத்து அனுப்புகிறார்களாம். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்குப் பாதிதான் புரிந்தது. பிழைப்புக்குப் பாதி போதும்.

அதன் பிறகு எந்த வீட்டில் படம் நின்றாலும் பெல்ட்டைச் சொன்னேன். ஜனங்கள் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மோர் கொடுத்து அனுப்பினார்கள். முதலாளிக்குப் புகார் போகவில்லை.

மே மாதம் புத்தலப்பட்டிலிருந்து அழைப்பு. ஜனவரியில் நான் மாட்டிய டிஷ். வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற டீச்சர். முட்டிவலியால் ஞாயிறு ஆராதனையை டிவியில்தான் பார்ப்பார். என் விளக்கத்தை முழுதாகக் கேட்டார்.

“பக்கத்து வூட்டுக்கும் அதே சாட்டிலைட்டுதான? அவங்க சீரியல் பாத்துக்கினு கீறாங்க. உன் பெல்ட்டு எங்க வூட்ட மட்டும் கட்டிக்கினு கீதா நைனா? ஏணி ஏறு.”

ஏறினேன். ஜனவரியில் டிஷ்ஷுக்கு மேலே நின்ற மாங்கிளை, காய்ப் பாரத்தில் தாழ்ந்து குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டிவிடலாம் என்றேன். காயெல்லாம் மரத்தில் இருக்கும்போதே வியாபாரிக்கு விற்றாகிவிட்டது, காய் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற வரையில் கிளை அவனுடையது, தொடக் கூடாது என்றார். டிஷ்ஷைக் கழற்றி மாடியின் மறுமூலைக்கு மாற்றினேன். வெயிலில் இரண்டு மணி நேரம். படம் வந்தது.

அதற்குப் பிறகும் அந்தம்மா என் முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டு, பெல்ட்டு உட்பட ஒன்று விடாமல் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எந்த பஸ் ஸ்டாண்டில் படுப்பது என்று யோசித்தேன். போன் என் கைக்கு வந்தது.

“அந்த பெல்ட்டு கதைய எனக்கு ஒரு தபா சொல்லு” என்றார் முதலாளி. சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: “நாளைலேர்ந்து ஏணி வாணாம். கடையில குந்திக்கினு கம்ப்ளெய்ன்ட் போன் நீ எடு.”

மறுநாள் முதல் போன். பெல்ட்டைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வீட்டில் மாமரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.