பெட்டிக்குள் ஏறிய மலை

எங்கள் வீட்டில் ஒன்றை வைக்க வேண்டுமென்றால் இன்னொன்றை எடுத்தாக வேண்டும். கழக்கூட்டம் என்கிற மலையாள ஊரில் ஐந்தாவது மாடி, ஒரே படுக்கையறை. அப்பா லேப்டாப்பை விரித்தால் அம்மா காய்கறித் தட்டை மடிக்கு மாற்றிக்கொள்வாள். அந்த வீட்டுக்குத்தான் அத்தை, அப்பாவின் தங்கை, திருநெல்வேலியிலிருந்து ஒரு பழுப்புப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். எனக்கு எட்டு வயது. பத்து நாள் எப்போது முடிந்தது என்று நான் கவனிக்கவில்லை. அம்மா கவனித்திருக்கலாம்.

பெட்டியில் துணிகளுக்கு அடியில், பழைய சேலையில் சுற்றிய ஒரு ரயில் இருந்தது. விரல் நீள எஞ்சின், தீப்பெட்டி அளவில் சில வேகன்கள், வளைந்த தண்டவாளத் துண்டுகள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வாங்கியவை. மாமா வீட்டில் இதை ஓட்ட இடமே கிடைக்கவில்லையாம். மாமா வீடு எனக்குத் தெரியும். ஓடிப்பிடித்து விளையாடினால் மூச்சு வாங்கும், மாடியும் முற்றமுமாக அவ்வளவு பெரிய வீடு. அங்கே இடமில்லாத ரயிலுக்கு எங்கள் பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே இடம் கிடைத்தது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. எப்போது ஓடும் என்பது மட்டும்தான் என் கவலை.

நாற்காலி போட்டு ஏறி, பரணில் இரண்டு நீலப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்த டிவி அட்டைப்பெட்டியை இழுத்துக் கொடுத்தேன். அத்தை அதை வேண்டாம் என்றாள். தன் பெட்டியையே காலி செய்து, துணிகளை என் யூனிஃபார்ம்களோடு அடுக்கிவிட்டு, பெட்டியின் அடியில் தெர்மாகோல் பதித்தாள்.

சிறிய இடத்தில் ரயில் விடுவதில் பெரிய தொல்லை வளைவுதான். இறுக்கினால் வேகன் சாயும், தளர்த்தினால் பெட்டி போதாது. அத்தை தண்டவாளத்தைக் குண்டூசியால் குத்தி நிறுத்தி, எஞ்சினைக் கையால் தள்ளிப் பார்த்து, பிடுங்கி, நூலிழை நகர்த்தி மறுபடி குத்துவாள். ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியேறி ஓடிவந்தால், நேற்று பார்த்த வளைவே சற்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும்.

“மதி அத்தே, ஒட்டிடு” என்று ஒற்றைக்காலில் குதிப்பேன். பள்ளிக்கூட மலையாளம் என் வாயில் அப்படித்தான் கலந்து வரும்.

“ஒட்டிட்டா ஒட்டுனதுதாம்ட்டி. குண்டூசின்னா எப்ப வேணா புடுங்கிக்கலாம்லா.”

இப்போது நானும் ஹாஸ்டல் அறையில் ஷூ டப்பாவுக்குள் தண்டவாளம் வளைக்கிறேன். குண்டூசிப் பொறுமை மட்டும் இன்றுவரை வரவில்லை.

துணி காயப்போட வரும்போதெல்லாம் அம்மா பெட்டியைத் தாண்ட வேண்டியிருந்தது. “மனுசன் படுக்க இடமில்ல, இதுல ஜங்ஷன் வேறயா?”

“ஜங்ஷன் இல்ல மதினி, சின்ன ஸ்டேஷன்தான்.”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வாளியைச் சற்று ஓங்கியே வைப்பாள்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே, “ஞாயித்துக்கிழம மாப்பிள வாராரு. ஒன்னயக் கூட்டிட்டுப் போக” என்றார்.

“சரிண்ணே” என்றாள் அத்தை.

மறுநாள் நான் வந்தபோது பசை வாசனை மாடிப்படி வரை வந்திருந்தது. குண்டூசிகள் ஒன்றுகூட இல்லை. தண்டவாளம் மொத்தமும் ஒட்டியாகிவிட்டது. பெட்டியின் ஒரு மூலையில், நனைத்த பேப்பர்மேல் பிளாஸ்டர் ஊற்றி ஒரு மலை எழும்பிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் ரயில் புகுந்து வர ஒரு குகை. கல்லாற்றுக்கு எல்லோருமாகப் போனபோது பொறுக்கிய கூழாங்கற்களை அடிவாரத்தில் பதித்தாள். பெட்டி மூடியின் உட்புறம் முழுக்கப் பொன்முடி மலையைப் பச்சையும் நீலமுமாகத் தீட்டினாள்.

“பொன்முடிக்கு டிரெயின் இல்லல்லோ அத்தே?”

“நம்ம பெட்டியில உண்டு.”

தலைமுடியில் பிளாஸ்டர் தெறிக்க அவள் வேலை செய்தாள். கடைசியில் என் வேகத்துக்கு ஒருத்தி வந்துசேர்ந்தாளே என்று எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சோபா நுனியில் உட்கார்ந்து, காப்பி குடித்து, கடிகாரத்தைப் பார்த்தார். “பெட்டிய எடுத்து வைம்மா” என்றார் அப்பா.

இதற்காகத்தானே காத்திருந்தேன். உள்ளே மலை ஏறியதில் கனத்துப்போயிருந்த பெட்டியை ஹாலுக்கு இழுத்துவந்து, மூடியைத் திறந்து, பேட்டரியை மாட்டினேன். மாமாவின் கால்களுக்கு முன்னால் ரயில் சுற்றத் தொடங்கியது. ஒரு வேகன்கூடச் சாயவில்லை.

மாமா அதைப் பார்த்தார். “துணியெல்லாம் எங்க?”

“கொடியில காயுது” என்றாள் அத்தை.

“இதக் கழட்டி வச்சிட்டு...” என்று அப்பா ஆரம்பித்தார்.

“ஒட்டியாச்சுண்ணே.”

மாமா அம்மாவிடம் திரும்பினார். “வேற பெட்டி ஒண்ணு இருந்தாக் குடுங்க. திருப்பி அனுப்பிருதேன்.”

அம்மா காப்பி டம்ளரை எடுத்தாள். “எங்ககிட்ட வேற பெட்டி இல்லையே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவின் கண் ஒரு கணம் பரண் பக்கம் போயிற்று, பிறகு ரயிலுக்கே இறங்கி வந்துவிட்டது. பெரியவர்களுக்கு ஞாபகமே இருப்பதில்லை. நீலப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

“ஏட்டி, டிரெயின் நின்னுபோச்சு பாரு” என்றாள் அம்மா.

பதறித் திரும்பினேன். ரயிலைக் காணவில்லை.

“நிக்கலம்மா, குகைக்குள்ள இருக்கு. இந்தா வந்துரும்.”

வந்தும்விட்டது. அதைக் காட்டுகிற அவசரத்தில் பெட்டிகளை மறந்தே போனேன். மாமா தனியாக பஸ் ஏறினார். குகைக்குள் போன ரயில் நின்றுவிட்டதாக நினைக்கிறாளே, அம்மாவுக்கு ரயிலைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்றுதான் அதற்குப் பிறகு பல வருஷம் எண்ணிக்கொண்டிருந்தேன்.