அண்ணன் போனுக்கு வந்த அனுமதி

காரைக்கால்ல ஒரு ஆஸ்பத்திரியோட கம்ப்யூட்டர் பிரிவுல எனக்கு வேலை. தஞ்சாவூர் டாக்டர் கேட்டா, எங்க நோயாளியோட பழைய மாத்திரை, ஸ்கேன் எல்லாம் இணையம் வழியா அவர் திரைக்குப் போகணும். எந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கும் புரியற மாதிரி எல்லாரும் ஒரே அமைப்புல அனுப்பணும். எங்க பழைய பதிவுகளை அதுக்குள்ள கொண்டுவர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு. என்னோட பதிவும் அதோட ஏறிடுச்சு. ஏறட்டுமே, நோயாளி அனுமதி இல்லாம எதுவும் நகராதே!

அனுமதி கேக்குற மெசேஜ் போனுக்கு வரும். எங்க வீட்டுல கேஸ், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அண்ணன் நம்பர்தான். நான் சம்பாதிச்சு போன் வாங்குன பிறகும் அதை யாரும் மாத்தல.

காலேஜ் போற வரைக்கும் எனக்கு இதே ஆஸ்பத்திரியில வலிப்புக்கு மாத்திரை. அப்புறம் வலிப்பு வரவே இல்ல. நெடுங்காட்டு மாப்பிள்ளை நிச்சயமானப்போ, "அதைப் பத்தி மூச்சு விடாதே"ன்னு அண்ணன் சொன்னார். எனக்கு மனசு கேக்கல. பீச்சுக்கு வரச் சொல்லி மாப்பிள்ளைகிட்டயே சொல்லிட்டேன்.

"அட, இதுக்கா இப்படி நடுங்குறீங்க? எங்கிட்ட சொன்னீங்கல்ல, போதும்"னு சிரிச்சார். அன்னிக்கு வீட்டுக்கு வந்து வயிறார சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் ரத்தம் பாக்கணும்னு மாப்பிள்ளையோட அம்மா தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க என் பழைய விவரம் கேட்டு அண்ணன் போனுக்கு மெசேஜ் போயிருக்கு. அவர் படிக்கக்கூட இல்ல, சரின்னு அமுக்கிட்டார். டாக்டரம்மா திரையைப் பாத்துக்கிட்டே, "வலிப்பு மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?"ன்னாங்க. அடடா, என்ன அழகா வேலை செய்யுது நான் பாடுபட்டது!

அவங்கம்மா முகம் செத்துப்போச்சு. "உனக்குத் தெரியுமாடா?"ன்னு மகனைக் கேட்டாங்க. நான் தைரியமாத்தான் நின்னேன். அவர் இருக்காரே!

அவர் என்னைப் பாக்காமலே, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலம்மா"ன்னார்.

பாவி. கல்யாணப் பேச்சு அங்கேயே முறிஞ்சுபோச்சு.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். "உன்னை மறைக்கச் சொன்னது நான்தான். எல்லாப் பழியும் எனக்குத்தான்"னார்.

"நான் மறைக்கலண்ணே. அவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்."

அண்ணன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு மெதுவா சொன்னார்: "எங்கிட்டயுமா பொய் சொல்லணும்?"