மருமகனுக்கு எந்த ஊர்?

வெள்ளிக்கிழமை, காலை 9.50. கண்டி ரயில் நிலையத்தில் இறங்கும்போதே எனக்குப் பயம். காலைச் சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. என்னோடு வந்தவர் எசேக்கியேல். அடுத்த மாதம் என் மகள் செலினைக் கட்டப் போகிறவர். பிறந்தது லண்டன், பெற்றோர் ஜமெய்க்கா, ஆறடி இரண்டு அங்குலம், நல்ல கறுப்பு. நாங்கள் புறப்பட்டிருந்தது புசல்லாவையில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் அந்தோனிமுத்துவைப் பார்க்க. மாப்பிள்ளை லண்டன்காரர் என்று மட்டுமே அவரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அவர் அதை வெள்ளைக்காரர் என்று எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்கப் பரப்பிவிட்டதும் எனக்குத் தெரியும். திருத்தவில்லை. கோழைத்தனம் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அதற்கு நான் வைத்திருந்த பெயர் சாமர்த்தியம்.

நாங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து பல தலைமுறை ஆகிறது. ஆனாலும் தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் குடும்பத்தில் கல்யாணம் நடந்ததில்லை. "பையனை நான் மொதல்ல பாக்கணும்" என்று அந்தோனிமுத்து சொல்லியிருந்தார். அவர் மாட்டேன் என்றால் என் மனைவி கோயில் வாசலை மிதிக்க மாட்டாள்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. எசேக்கியேல் தம்மை இஸ்ரவேலர் என்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள்தான் வேதாகமத்தின் இஸ்ரவேலருடைய வாரிசுகள் என்பது அவருடைய அப்பாவின் சபையாருடைய நம்பிக்கை. வெள்ளி பொழுது சாய்ந்தால் சனி பொழுது சாயும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், வாகனம் ஏற மாட்டார்கள். நான் முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல் காகிதங்களைச் சரிபார்த்தவன். காகிதம் இல்லாத எதையும் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. அதை மகளிடம் ஒருமுறை சொல்லப்போய், இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

காலை 11.00. நிலையத்துக்கு வெளியே ஒரு வேன் பேசினேன். புசல்லாவைக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போக மட்டும் பதினோராயிரம் ரூபாய். சாரதி ஹில்மி, முப்பது வயதுக்காரர், அக்குறணை ஆள். "கம்பளையில ஜும்ஆ தொழுகைக்கு ஒரு மணித்தியாலம் நிப்பாட்டோணும், சேர்" என்றார். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்த்துவிட்டால் போதும் என்றேன்.

பேராதனை தாண்டியதும் அவர் கண்ணாடியில் எசேக்கியேலைப் பார்த்து, "சேருக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். செலின் தன் வருங்காலக் கணவருக்கு மூன்றே மூன்று தமிழ் வாக்கியங்கள் கற்றுக்கொடுத்திருந்தாள். வணக்கம் ஒன்று, சாப்பிட்டாச்சு ஒன்று. நம்மவர்கள் எங்கே போனாலும் ஊர்தான் கேட்பார்கள் என்று தெரிந்து சொல்லிக்கொடுத்தது மூன்றாவது. எசேக்கியேல் "ஊர்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். முகம் மலர, ஒவ்வோர் எழுத்தாக, "என் ஊர் இஸ்ரவேல்" என்றார்.

ஹில்மி கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, கம்பளை வரை ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினார்.

பகல் 1.15, கம்பளை. தொழுகை முடிந்து வந்த ஹில்மி வேனில் ஏறாமல் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சேர், கோவிச்சுக்க வேணாம். இனிப் போக எனக்கு ஏலா. வேற வேன் ஒண்டு கோல் பண்ணித் தாரன்."

"ஏன் தம்பி, என்னாச்சு?"

"அவரு இஸ்ரேல் எண்டு செல்றாரே. அங்க நடக்கிறதெல்லாம் டீவீல பாத்துட்டு, அங்க அடிபடுற சனத்துக்காக இப்பதான் துஆ கேட்டுட்டு வாரன். பொறகு எப்பிடி நான் அவருக்கு வாகனம் ஓட்டுற?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்த நாட்டுக்கும் இவருக்கும் தொடர்பில்லை, கடவுச்சீட்டு இங்கிலாந்து, இவர் சொல்வது மோசே காலத்து ஜனத்தை என்று தெருவோரத்தில் நின்று விளக்கினேன்.

மோசே அவர்களுக்கு மூஸா நபி. ஹில்மி நெற்றியைச் சுருக்கினார். "மூஸா நபிட சனமா? பனூ இஸ்ராயீல்?"

"அப்படித்தான் அவங்க நம்புறாங்க."

"நீங்க நம்புறீங்களா, சேர்?"

"தெரியாது தம்பி."

அவர் நேரே வேன் ஜன்னலுக்குப் போய், பன்றி சாப்பிடுவீர்களா என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். எசேக்கியேல் பலமாகத் தலையாட்டி மறுத்தார். "அல்ஹம்துலில்லாஹ்! அத மொதல்லயே செல்லியிருக்கலாமே, சேர்" என்று ஹில்மி ஏறி உட்கார்ந்தார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதி புசல்லாவையில் காத்திருந்தது.

வழியில் மண்சரிவு அகற்றும் வேலை, ஒற்றை வழிப் பாதை. இரண்டரை மணி நேரம் நின்றோம். தேயிலைச் சரிவெல்லாம் மஞ்சள் வெயில் பட்டு அழகாகத்தான் இருந்தது. நான் பார்த்தது கைக்கடிகாரத்தை. என்னைவிட அதிகமாக நேரம் பார்த்தவர் ஹில்மி. "மஃரிபுக்கு முந்தி, பொழுது படுறதுக்குள்ள எறக்கிடுவன்" என்று மூன்று தடவை சொன்னார்.

மாலை 5.05, புசல்லாவை. அந்தோனிமுத்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. பிரதான வீதிக்கு மேலே சொந்த வீடு. வாசலில் அவர், ஆரத்தித் தட்டோடு அவர் மனைவி, பின்னால் வெள்ளைக்கார மாப்பிள்ளையைப் பார்க்க வந்த அக்கம்பக்கம். எசேக்கியேல் தலை குனிந்து வேனை விட்டு இறங்கி நிமிர்ந்தார். ஆரத்தித் தட்டு அப்படியே நின்றது. கூட்டத்தில் யாரோ "காப்பிலி" என்று முணுமுணுத்தார்கள். ஆப்பிரிக்கரை இழிவாகச் சொல்லும் பழைய சொல் அது. அதற்கு என்ன அர்த்தம் என்று எசேக்கியேல் என்னைக் கேட்டார். உயரமானவர் என்று அர்த்தம் என்றேன். "லண்டனிலும் என் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள்" என்று சிரித்தார். என் முகத்தில் வழிந்த அசட்டை எங்கே துடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"மச்சான், வெள்ளைக்காரப் பையன்னு சொன்னீங்க?" என்றார் அந்தோனிமுத்து.

"லண்டன்னுதான் சொன்னேன், மச்சான்."

அவர் என்னை விட்டுவிட்டு எசேக்கியேலைப் பார்த்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"என் ஊர் இஸ்ரவேல்."

வேனிலிருந்து ஹில்மி பதறிக்கொண்டு ஓடிவந்தார். "அந்த நாடில்ல ஐயா! இவங்க மூஸா நபிட ஆக்கள்!"

யாரோ சிரித்துவிட்டார்கள். அதில் தட்டும் சுற்றப்பட்டது, நாங்களும் உள்ளே போனோம். ஆனால் கதிரையில் உட்கார்ந்த அந்தோனிமுத்து சிரிக்கவில்லை. அவர் கேட்கக் கேட்க நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

"பாட்டன் பூட்டன் ஊரு தெரியாதா?"

"தெரியாது. கப்பலில் ஏற்றியவர்கள் எழுதி வைக்கவில்லை. என் குடும்பப் பெயரே எங்களை விலைக்கு வாங்கியவனுடைய பெயர்."

"அப்ப இஸ்ரவேல்னு எப்படித் தெரியும்?"

"அப்பா சொன்னார். அடிமையாகக் கிடந்த ஒரு ஜனத்தைக் கடவுள் வெளியே கூட்டி வந்தார் என்று வாசித்தபோது, அது அடுத்தவர் கதை என்று அவருக்குத் தோன்றவில்லை."

"காகிதம் ஏதும் இருக்கா?"

"இல்லை."

நான் எப்போதும் கேட்கிற கேள்விதான். அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது கூசியது.

அந்தோனிமுத்து எழுந்து அலுமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். தோட்டக் கூலியாக இந்தியாவிலிருந்து வந்த அவர் தாத்தாவின் பெயர், திருச்சி ஜில்லா, அதன் கீழே எந்தக் கிளாக்கரோ ஆங்கிலத்தில் கிறுக்கிய ஓர் ஊர்ப்பெயர். ஐந்து விதமாக வாசிக்கலாம்.

"மச்சான், நான் இந்தியா போயி இந்த ஊரைக் கண்டுபுடிச்சேன்னு சொன்னேனே."

யாருக்குத்தான் தெரியாது? ஊர்க் கிணறு, புளியமரம், கட்டிப்பிடித்து அழுத பங்காளிகள். கிணற்றடியில் அவர் நிற்கும் படம் சட்டம் போட்டு அந்தக் கூடத்திலேயே தொங்கியது. என் வீட்டிலும் ஒன்று தொங்குகிறது.

"கண்டுபுடிக்கலீங்க. ஆறு நாளு பஸ்ஸு பஸ்ஸா ஏறி எறங்கினேன். ஒருத்தருக்கும் அப்படி ஒரு ஊரு தெரியல. வெறுங்கையோட எப்படித் திரும்புறதுன்னு, கடைசி நாளு ஏதோ ஒரு கெணத்தடியில நின்னு போட்டோ புடிச்சிக்கிட்டு வந்துட்டேன்."

"அடப்பாவி மனுசா, எங்கிட்டகூடச் சொல்லலியே!" என்றார் அவர் மனைவி.

அந்தோனிமுத்து எசேக்கியேலின் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, உங்க அப்பா சொன்னது நெசமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவரு நம்பிச் சொன்னாரு. நான் பொய்யுன்னு தெரிஞ்சே சொன்னேன்."

மற்ற எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். மாப்பிள்ளை என்ற சொல்லை மட்டும் அப்படியே கொடுத்தேன். செலின் அதையும் சொல்லிக்கொடுத்திருந்தாள் போலும். எசேக்கியேல் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாலையை நானே போடுவேன், பூ மட்டும் கண்டியில் வாங்க வேண்டும் என்றார் அந்தோனிமுத்து. தேநீரைக் குடித்துவிட்டு ஹில்மி புறப்படும்போது மணி 5.55. அன்று நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.10. பஸ்ஸில் கண்டிக்கு வந்து, கொழும்பு ரயிலில் ஏறினோம். நான் வசிக்கும் வத்தளையில் இப்போதெல்லாம் யாரும் ஊர் கேட்பதில்லை, வீட்டு இலக்கம்தான் கேட்கிறார்கள். மலைநாட்டில் அந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. எதிர் இருக்கையில் தேயிலைப் பொதிகளோடு உட்கார்ந்திருந்த அம்மா வண்டி நகர்வதற்குள் கேட்டுவிட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"இஸ்ரவேல்" என்றார் எசேக்கியேல். அவர் கொஞ்சம் யோசித்து, மாமன் வீட்டில் இரண்டு நாளில் பொறுக்கிய தமிழையும் சேர்த்தார். "புசல்லாவைப் பக்கம்."

வெள்ளைக்காரத் துரைமார் எந்தெந்தத் தேசத்துப் பெயரையோ வைத்துவிட்டுப் போன தோட்டங்கள் அந்தப் பக்கமெல்லாம் உண்டு. அந்த அம்மா துளியும் ஆச்சரியப்படவில்லை.

"அப்படியா! அந்தத் தோட்டத்துல எந்த டிவிசன்? மேலயா, கீழயா?"

எசேக்கியேல் என்னைப் பார்த்தார்.

"மேல் டிவிசனுங்க" என்றேன் நான்.