பழைய பேஷன்ட் பெயர்

பம்மலில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கின் சர்வரில் பேஷன்ட் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் போட வருடம் ஒருமுறை சாஃப்ட்வேர்காரர் ஒருவர் வருவார். நரைத்த தாடி, கசங்காத முழுக்கைச் சட்டை. சோர்ஸ் கோடை எங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்வார். திரையில் வரிகள் ஓடி முடியும்வரை கைகளை மடியிலேயே வைத்திருப்பார்.

போன வருடம் வேலை முடிந்ததும், "பழைய டேட்டா வந்துடுச்சான்னு பாக்கணும். ஒரு பழைய பேஷன்ட் பேர் சொல்லுங்க மேடம்" என்றார்.

என் கணவர் பெயரைச் சொன்னேன். சுகர், பிரஷர், கடைசியாக வந்த தேதி எல்லாம் வந்தன.

"இவர் இப்ப வர்றதில்லையா?"

"இல்ல சார், இறந்துட்டார்." யாரென்று சொல்லவில்லை.

இந்த வருடம் அவர் என்னிடம் பெயர் எதுவும் கேட்கவில்லை. அவராகவே அதே பெயரை டைப் செய்தார். திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வரேன் மேடம்" என்று வெளியே போனார்.

அவர் டீ குடித்து நான் பார்த்ததே இல்லை.