சம்பந்தி எடுக்கச் சொன்ன படம்

சம்பந்தி வாட்சாப்பில் அனுப்பிய இடத்தை மூன்று தடவை திறந்து திறந்து பார்த்தேன். டெங்கில் ஊரைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு பழைய துரை பங்களா. இப்போது அதை விடுதியாக்கி வாடகைக்கு விடுகிறார்கள். "ரெண்டு குடும்பமும் ஒரு நாள் தங்கிட்டு வரலாம், சத்தமே இருக்காது" என்று எழுதியிருந்தார். சரி என்று கட்டைவிரல் படத்தை அனுப்பிவைத்தேன். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் நான் பிறந்தேன். அந்தப் பங்களாவில்தான் என் அப்பா புல் வெட்டினார்.

சம்பந்திக்கு இது தெரியாது. செராஸிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, "உங்க அப்பா எஸ்டேட்ல என்னவா இருந்தாரு?" என்று சும்மாதான் கேட்டார். அவருடைய அப்பா பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிளார்க். என் வாயிலிருந்து "கிராணி" என்று வந்துவிட்டது. கிராணி என்றால் ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்து எழுதுகிறவர். நானோ அப்பா செத்ததும் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, லோரியில் கெலிண்டானாகச் சாமான் ஏற்றி இறக்கப் போனவன். கிராணி மகன் ஏன் கெலிண்டானாகப் போனான் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கல்யாணம் முடியும்வரை பயந்தேன். யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

கிள்ளானிலிருந்து போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. அங்கே பழைய ஆள் யாராவது நின்று, "இன்னாரு மகன்தானே நீ?" என்று கேட்டுவிட்டால்? போய்ப் பார்த்தால் லயமே இல்லை. இடித்துத் தரைவீடு கட்டியிருந்தார்கள். பங்களா மட்டும் வெள்ளையடித்து நின்றது. சாவி கொடுத்தது ஓர் இந்தோனேசியப் பெண். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அந்த நிம்மதியில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் கால் என்னைக் கேட்கவே இல்லை. பங்களாவைச் சுற்றிப் பின்பக்கம் போய், சமையலறைப் படியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. சின்ன வயதில் அப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனால் அந்தப் படியோடு சரி. முன்வாசலில் எங்களுக்கு என்ன வேலை?

"சம்பந்தி! வாசல் இந்தப் பக்கம்லா! இன்னைக்குச் சமையல் நீங்கதானா?" என்று சம்பந்தி கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

"டாய்லெட் தேடினேன்" என்றேன்.

முன்ஹாலில், சோபாவுக்கு மேலே, ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. நாற்காலியில் துரையும் துரைசானியும். பின்னால் வரிசையாகப் பங்களா வேலைக்காரர்கள். கடைசியில், சட்டத்தை ஒட்டி, என் அப்பா. தோளில் 'குட் மார்னிங்' என்று அச்சடித்த துண்டு. முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டையில் இடதுகால் மட்டும் நழுவிக் கணுக்கால்வரை இறங்கியிருந்தது. அது எப்போதும் அப்படித்தான் இறங்கும். அம்மா எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

எங்களிடம் இருந்த ஒரே அப்பா படம், கிள்ளான் வீட்டில் வெள்ளம் ஏறியபோது ஊறிப் போய்விட்டது. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த முகத்தைப் பார்க்கிறேன். என்னைவிடச் சின்ன ஆளாக இருந்தார்.

"இவனைப் பாருங்கலா, துரைக்கே போஸ் கொடுக்குறான்!" என்று சம்பந்தி அப்பாவைத்தான் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை. எதைப் பார்த்தாலும் விளையாட்டு. குளிக்கக் கொண்டுவந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார், பேண்ட்டைச் சுருட்டினார், படத்துக்குக் கீழே விறைப்பாக நின்றார். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "சம்பந்தி, ஒண்ணு எடுங்க" என்று தன் போனை என்னிடம் நீட்டினார்.

அப்போது சொல்லியிருக்கலாம். 'அது எங்க அப்பா' என்று மூன்று வார்த்தை. நான் போனைத் தூக்கிப் பிடித்து, அவரைப் பார்த்து, "இடதுகாலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. அப்பத்தான் சரியா இருக்கும்" என்றேன்.

அவர் இறக்கிவிட்டார். அச்சு அசல் அப்படியே இருந்தது. நான்தான் எடுத்தேன். நானும் சிரித்தேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே படம் குடும்ப குரூப்புக்கு வந்துவிட்டது. கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக விழுந்தன. நான் மட்டும் எதுவும் போடவில்லை என்று யாராவது கவனித்துவிட்டால்? நானும் ஒன்று போட்டேன்.

மறுநாள் காலையில் எல்லாரும் காரில் ஏறியதும், மருந்தை மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே ஓடினேன். மருந்து என் சட்டைப்பையில்தான் இருந்தது. படத்துக்கு நேராகப் போனைப் பிடித்தேன். அப்பா முகத்தை மட்டும் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

"மருந்து கிடைச்சுதாப்பா?" மகள் பின்னால் நின்றாள். என் போனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அந்த ஆளோட காது உங்க காது மாதிரியே இருக்குல்ல?"

"எல்லார் காதும் ஒரே மாதிரிதான்லா" என்றேன். "வா, மாமா காத்துக்கிட்டு இருக்காரு."

போனைப் பையில் போட்டுக்கொண்டேன். படம் எடுக்கவில்லை.

மகள் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. இப்போது என்னிடம் இருக்கும் அப்பா படம் குரூப்பில் வந்த அந்த ஒன்றுதான். பெரிதாக்கினால் சம்பந்தியின் தலைக்கு மேலே அப்பாவின் முகம் தெரிகிறது. சம்பந்தியை வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். வெட்டுகிற இடத்தில் அப்பாவின் இடதுகால் போய்விடுகிறது. அதனால் அப்படியே வைத்திருக்கிறேன்.