தறி நின்றால் கேட்கும் சத்தம்

பல்லடத்தில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே தறிப்பட்டறை. ஒருநாள் கரண்ட் போய்த் தறிகள் நின்றதும், எங்கோ பூனைக்குட்டி கத்துவதுபோல் கேட்டது. தேடிப் பார்த்தேன். சத்தம் என் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் இருமவே கூசுகிறவள் நான். மூச்சு வாங்கி வாசற்படியில் உட்கார்ந்துவிட்ட அன்றுதான் மருமகள் சரசுக்குத் தெரிந்தது.

பீளமேட்டு டாக்டர் ஆஸ்துமா (மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு வருவது) என்றார். பஞ்சுத்தூசி ஒவ்வாமை (உடம்புக்குச் சேராதது) இருக்கிறதாம்.

"மேட்டுப்பாளையத்துல அக்கா ஊட்டுல இருந்துக்கம்மா" என்றான் மகன். தறியை நிறுத்தினால் சோறில்லை. ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் எப்படி உட்காருவது? இளைப்பைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் குணம் தெரிகிறதா பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

கொடுத்தது கீட்டோடிபன் (ஒவ்வாமையை அடக்கும் மாத்திரை). இளைப்பு வந்தால் வாயில் வைத்து இழுக்க ஒரு மருந்தும் உண்டு. தலைவலி மாத்திரைபோல, இளைப்பு வரும்போது மட்டும் மாத்திரையைப் போட்டேன். இளைப்பு நிற்கவில்லை, தூக்கம்தான் வந்தது. தார் (தறிக்கான நூல் சுற்றும் குச்சி) சுற்றும்போதே கண் சொருகியது, நூல் அறுந்தது தெரியவில்லை.

"கரண்ட் இல்லாம தறி தூங்குது. உங்களுக்கு என்னங்க அத்தை?" என்று சரசு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரிடம் எப்போதும் சரசுதான் பேசுவாள். அடுத்த முறை அவள் வாயைத் திறக்கும்முன் நானே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, இதுல குணமே தெரியலீங்க. வேற குடுப்பீங்களா?"

"எப்பெப்போ போடறீங்கம்மா?"

"இளைக்கறப்போங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வந்த இளைப்பை இது நிறுத்தாதுங்கம்மா. அதுக்குத்தான் இழுக்கற மருந்து. இது வராம காக்கறது. தெனமும் ரெண்டு வேளை போடோணும். குணம் தெரியவே வாரக்கணக்குல ஆகும். தூக்கம் போகப்போகக் கொறையும்."

உங்களுக்கும் இதைக் கொடுத்திருந்தால், எப்போது போடுவது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

"இன்னும் கொஞ்சம் பொறு கண்ணு" என்று மகனிடம் சொன்னேன். தினமும் இரண்டு வேளை மாத்திரை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு தார் சுற்றினேன். கரண்ட் போகும்போதெல்லாம் பயம். தறி நின்றால் நெஞ்சு காட்டிக்கொடுத்துவிடும்.

வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் தறிகள் நின்றன. ஒரு சத்தமும் இல்லை. மூச்சே நின்றுவிட்டதோ என்று பதறி நெஞ்சில் கை வைத்தேன். ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

மகன் ஓடி வந்தான். "ஏம்மா, இளைக்குதா?"

"இல்ல கண்ணு. நீயே பாரு."

குனிந்து காது கொடுத்தான். "நீ வரலைன்னு அக்காகிட்டச் சொல்லிப்போடறேன்" என்று உள்ளே போனான்.

கரண்ட் வந்து தறி ஓடத் தொடங்கிய பிறகும், நெஞ்சிலிருந்து கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.