பரணுக்குக் கட்டிய வீடு

வாடகை வீட்டில் குடியிருப்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளத்தை மட்டும் நாம் கொடுக்க வேண்டும். அந்த உத்தியோகத்தைக் கொடைக்கானலில் பார்த்தவர்களுக்குத் தனியாக ஒரு பட்டமே கொடுக்கலாம். ஏப்ரல் பிறந்ததும் சீசன்காரர்கள் கீழேயிருந்து வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு வீடு வேண்டுமென்று, வருஷம் முழுக்க அங்கேயே கிடக்கும் நம்மைச் சட்டி பானையோடு வெளியே அனுப்புவார்கள். கூட்டம் வடிந்த பிறகு, போனால் போகிறதென்று திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். இதைப் பட்டவர்கள் படித்ததும் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் என் கணவருக்குப் பழனியிலிருந்து கொடைக்கானல் டெலிபோன் ஆபீசுக்கு மாற்றல் வந்தது. மூன்று வயது மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கார்த்திகை மாதக் குளிரில் நானும் மலையேறினேன். எங்களுக்கு வாய்த்த வீட்டுச் சொந்தக்காரர் பெயர் குழந்தைவேலு. மேல்மலையில், கிளாவரை என்ற ஊரில் விவசாயம் செய்பவர். டவுனில் தகரக் கூரை போட்டு ஒரே வரிசையில் நாலு வீடு கட்டியிருந்தார். மூன்றை வாடகைக்கு விட்டு, கடைசி வீட்டைத் தாம் வந்தால் தங்க வைத்துக்கொண்டிருந்தார்.

அடுப்புப் பரீட்சை

வீடு கேட்டுப் போனால் என்ன உத்தியோகம், எந்த ஊர், எத்தனை பேர் என்றுதான் யாரும் கேட்பார்கள். இவர் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை உலை வைப்பேன், காப்பியை வீட்டில் போடுவேனா கடையில் வாங்குவேனா, எல்லோருக்கும் குளிக்க வெந்நீர் உண்டா என்று என்னைத்தான் குடைந்தார்.

சிக்கனமான பெண் என்று பெயர் வாங்கலாமே என்று, நாலு விறகில் சோறும் குழம்பும் முடித்துவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். மனுஷர் முகம் தொங்கிவிட்டது. வீடு கை நழுவுகிறது என்று கண்டதும் என் கணவர் குறுக்கே புகுந்தார். தனக்கு மூன்று வேளையும் சுடச்சுடச் சமைக்க வேண்டும், குழந்தைக்கு அடிக்கடி வெந்நீர் வேண்டும் என்று வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டார். உடனே சாவி வந்தது.

"அப்படிச் சொல்லுங்க. அடுப்பு அணையாத குடும்பமா இருந்தா எனக்குப் போதும்."

யாருக்கு அந்தப் பரண்?

அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பிளாச்சுகளால் ஒரு பெரிய பரண் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டிரங்குப் பெட்டி, அண்டா, குண்டான் எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றினேன். அடுத்த தடவை வந்த குழந்தைவேலு நேரே அடுப்படிக்குப் போய் மேலே பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஒவ்வொன்றாக இறக்கிக் கூடத்தில் பதமாக வைத்தார். கோபம் துளிகூட இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் அண்டாவுக்கும் பெட்டிக்கும் நடுவில் படுத்துத் தூங்கினோம். பரண் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் இடத்தை எதற்குப் பூட்டாமல் பூட்டி வைத்திருக்கிறார் என்று எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் சொன்ன பதிலில், மேலே ஒரு குடித்தனத்தை ஏற்றப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அதுக்கு உரியவங்க மாசியில வருவாங்க தாயி. கொஞ்சம் பொறுங்க."

பச்சைத்தண்ணி வாத்தியார்

நடு வீடு காலியானபோது கல்யாணமாகாத வாத்தியார் ஒருவர் கேட்டு வந்தார். சாப்பாடு மெஸ்ஸில். காப்பிகூடக் குடிக்கமாட்டார். அந்தக் குளிரிலும் பச்சைத்தண்ணீரில்தான் குளிப்பார். வீட்டில் அடுப்பே மூட்டமாட்டேன், சுவர் போட்ட சுண்ணாம்போடு அப்படியே இருக்கும் என்று உறுதி கொடுத்தார். வேறு யாராயிருந்தாலும் மாலை போட்டு உள்ளே அழைத்திருப்பார்கள். குழந்தைவேலு கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டு, பெரிய கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்.

மறுவாரம் அதே வீட்டில் பிள்ளைகுட்டிகளோடு ஒரு பெரிய குடும்பம் வந்து இறங்கியது. விடிந்தால் இட்லி, பொழுது சாய்ந்தால் வெந்நீர் என்று அவர்கள் வீட்டுப் புகை எங்கள் வீட்டுக்குள்ளும் வரும். அந்த வாத்தியார் என்ன பாவம் செய்தார் என்று கேட்டேன்.

"தங்கமான மனுசன்தான். ஆனா அவரை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

மாசியில் வந்த விருந்தாளி

மாசியில் ஒரு காலை, பனி விலகும் முன்பே வாசலில் மணிச் சத்தம். மட்டக் குதிரைகள் வரிசையாக நின்றன. முதுகில் மூட்டை மூட்டையாகப் பூண்டு, தாளோடு. அதைப் பிடி பிடியாகக் கட்டி, வாடகைக்கு விட்ட மூன்று வீட்டுப் பரணிலும் தொங்கவிட்டார் குழந்தைவேலு. ஐப்பசியில் நடுவதற்கான விதைப்பூண்டு அது. சும்மா வைத்தால் மேல்மலை ஈரத்துக்கு அழுகிவிடுமாம். அடுப்புப் புகை பட்டு மேல்தோல் பழுப்பேறினால் நடவுவரை கெடாதாம். ஊரில் அவருக்கு இருப்பது ஒரே அடுப்பு. இங்கே தினமும் எரிவது மூன்று.

சீசனிலும் குடித்தனக்காரர்களை அவர் காலி செய்யச் சொல்வதில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஏன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. சீசன்காரர்கள் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு ஏரியைச் சுற்றுவார்கள். அவர்களால் பூண்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ரோஷமும் வந்தது. இதற்கு வீடு எதற்கு, ஒரு கொட்டகை போதாதா என்று கேட்டேன். விவரமில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பரணுக்குத்தான் தாயி வீட்டையே கட்டினேன். தெனமும் அடுப்பெரிக்க ஆள் வேணுமில்ல, அதுக்குத்தான் நீங்க."

ஆபீஸ் வாசம்

அதற்குப் பிறகு விறகும் அவரே கொடுத்தார். இலவசம் என்று நாக்கைச் சப்புக்கொட்டாதீர்கள், அத்தனையும் ஈர விறகு. புடவை, போர்வை, தலைமுடி எல்லாவற்றிலும் புகையும் பூண்டும் ஏறிவிட்டன. என் கணவர் டெலிபோன் ஆபீசுக்குள் நுழையும் முன்பே அவர் வந்த சேதி உள்ளே போய்விடும். பக்கத்து நாற்காலிக்காரர் ஜன்னலைத் திறந்துகொண்டே கேட்டாராம்.

"ஏன் சார், உங்க வீட்டுல வேற குழம்பே வைக்கமாட்டாங்களா?"

இருமல்

இதுவரைக்கும் சிரிக்கலாம். பங்குனியில் மல்லிகாவுக்கு இருமல் பிடித்தது. பிறகு இரைப்பாக மாறியது. மூச்சு வாங்க அவள் நெஞ்சு குழிவதைப் பார்த்துக்கொண்டு நான் அடுப்பை ஊத வேண்டியிருந்தது. அந்தப் பூண்டின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் புடவையை முகர்ந்து பார்த்ததும் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"அடுப்பை மாத்துங்க, இல்லேன்னா வீட்டை மாத்துங்க."

பம்ப் ஸ்டவ்

வீட்டை எங்கே மாற்றுவது? சீசன் ஆரம்பித்துவிட்டது, குடியிருந்தவர்களே தெருவில் நின்றார்கள். குழந்தையோடு நான் பழனிக்கு இறங்கிவிடலாம். என் கணவர் மட்டும் இங்கே தனியாகக் கிடக்க வேண்டும். மல்லிகாவோ அப்பாவின் தோளில் சாய்ந்தால்தான் தூங்குவாள். ஆகவே மண்ணெண்ணெயில் எரியும் பம்ப் ஸ்டவ் ஒன்றை வாங்கினோம். விறகடுப்பு ஆறிப்போனது. மல்லிகா மெல்ல மெல்லத் தூங்க ஆரம்பித்தாள். மேலே பூண்டு பூஞ்சணம் பூத்து வெளுக்க ஆரம்பித்தது.

குழந்தைவேலு வந்தார். ஆறிய அடுப்பையும் அதன்மேல் உட்கார்ந்திருந்த ஸ்டவ்வையும் பார்த்தார். பரணில் ஏறி ஒரு பூண்டை நசுக்கிப் பார்த்தார். விரல் உள்ளே போனது. டாக்டரம்மா சொன்னதை மறைக்காமல் சொன்னேன். மிச்சத்தை என் இடுப்பிலிருந்த மல்லிகா இருமிக் காட்டிவிட்டாள். அவர் பூண்டு ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அடுப்பெரிக்கத்தான் நாங்கள் என்று அவரே சொன்ன பிறகு, இனி எங்களுக்கு அங்கே என்ன வேலை? ராத்திரியே டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே இரண்டு ஆட்களோடு வந்தார். எங்கள் பரணில் கெட்டது போக மீந்ததையெல்லாம் இறக்கி, தம்முடைய கடைசி வீட்டுப் பரணில் நெருக்கிக் கட்டினார். ஊர்ச் சோலியை மகன் பார்த்துக்கொள்வான், ஐப்பசி நடவுவரை இங்கேயே தங்கி அடுப்பெரிக்கப் போகிறேன் என்று ஆட்களிடம் சொல்வது காதில் விழுந்தது.  நாங்கள் எப்போது காலி செய்ய வேண்டும் என்று கேட்டேன். கட்டி வைத்திருந்த பெட்டியை அப்போதுதான் அவர் பார்த்தார்.

"எதுக்குக் காலி பண்றீங்க? புகை பூண்டுக்குத்தான் தாயி வேணும், புள்ளைக்கு எதுக்கு?"

அந்த சீசனுக்குக் கொடைக்கானல் முழுக்கக் குடித்தனக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்க, எங்கள் வீட்டை மட்டும் பூண்டு காலி செய்தது. ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கியவர் வீட்டுச் சொந்தக்காரர்.